கட்டி மறுபடியும் வருமா?

செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

போன இதழில் நாய்களுக்கு வரும் குஷிங் நோயைப் பற்றி எழுதியிருந்தேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி உண்டாகி, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ஓயாமல் சுரக்கும். அதன் தூண்டுதலில், சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விடும், எவ்வளவு போட்டாலும் பசி அடங்காது, வயிறு தொங்கும், முடி கொட்டும். குஷிங் வந்த நாய்களில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை இந்தப் பிட்யூட்டரி வகைதான். மீதியில் பெரும்பாலானவற்றுக்கு அட்ரினல் சுரப்பியிலேயே கட்டி இருக்கும். இதற்கு அறுவை சிகிச்சையும் உண்டு என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிறைத்துவிட்டன.

*

கேள்வி: வணக்கம் டொக்டர். எங்கள் ஜிம்மிக்கு ஒன்பது வயது, ஜாக் ரஸ்ஸல் இனம். ஏழு கிழமைக்கு முன்னர் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சை செய்து பிட்யூட்டரி சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது நல்லாக இருக்கிறான். ஆனால் கட்டி பெரிசு, பிட்யூட்டரி-மூளை விகிதம் 0.60 என்று அறிக்கையில் போட்டிருக்கு. "திரும்ப வரக்கூடும், கவனமாகப் பாருங்கோ" என்று சொன்னார்கள். சுரப்பியையே எடுத்த பிறகு எப்படி டொக்டர் திரும்ப வரும்? வருமா வராதா என்று முன்கூட்டியே அறிய வழியில்லையா? பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள்.
(ஒரு வாசகி, டென் ஹாக், நெதர்லாந்து)

பதில்: சகோதரி, ஜிம்மி ஏழு வாரத்தைத் தாண்டிவிட்டான் என்பதே நல்ல செய்தி. இந்த அறுவையில் ஆபத்து அதிகமான காலம் முதல் நான்கு வாரம்தான். அதை அவன் கடந்துவிட்டான்.

சுரப்பியையே எடுத்தபின் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளின் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் உட்ரெக்டில் சில மாதம் தங்கிப் பார்த்து வந்தவள். நாயைக் குப்புறப் படுக்க வைத்து, மேல்தாடையைக் கம்பியில் தாங்கி, வாயை அகலத் திறந்து வைப்பார்கள். உள்ளே மெல்லண்ணத்தைக் கீறி, அதற்கு மேலே இருக்கும் ஸ்பீனாய்டு எலும்பில் சிறிய துளை போட்டால், அந்தத் துளையின் அடியில் சுரப்பி தெரியும். பியோர்ன் மேய் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவும் 1990களிலிருந்து செம்மைப்படுத்திய முறை இது. மனிதர்களுக்கு இந்த நோய் வந்தால் கட்டியை மட்டும் தேடி எடுத்து, நல்ல சுரப்பியை விட்டுவைக்கப் பார்ப்பார்கள். நாய்க்கு அப்படியில்லை, சுரப்பி முழுவதும் போய்விடும். அதனால்தான், இனி உடம்பில் சுரக்காத ஹார்மோன்களுக்கு ஈடாக, ஜிம்மிக்குக் கார்டிசோனும் தைராக்ஸினும் ஆயுள் முழுக்கத் தேவை.

ஆனால் சிறிய துளை வழியே, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத்தான் "முழுவதும்" எடுக்க முடியும். சுரப்பி இருக்கும் எலும்புக் குழியின் சுவரில் ஒரு சில உயிரணுக்கள் ஒட்டியிருக்கலாம். அதைவிட முக்கியமானது மேல்பக்கம். நாய்க்கு அந்தக் குழியின் மேல் மூடியாக இருக்க வேண்டிய சவ்வு அரைகுறையாகத்தான் இருக்கிறது. அதனால் கட்டி வளரும்போது பக்கவாட்டை விட மேல்நோக்கி, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸை நெருக்கிக்கொண்டு போகும். கண் நரம்புகள் கூடும் இடம் நாய்க்குச் சற்று முன்னால் தள்ளி இருப்பதால், மனிதர்களைப் போலப் பார்வை மங்கி எச்சரிக்கை கொடுப்பதும் அபூர்வம். இப்படி மேலே ஏறிய கட்டியைக் கீழிருந்து இழுத்து எடுக்கும்போது, ஹைப்போதலாமஸோடு ஒட்டிய நுனியில் ஏதாவது மிஞ்சுவதற்கு இடமிருக்கிறது. அந்த மிச்சம் மாதக்கணக்கில் பெருகிப் போதிய அளவு ஏ.சி.டி.எச். சுரக்கத் தொடங்கும்போது நோய் திரும்பிவிட்டது என்கிறோம்.

பெரிய கட்டிக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்று சொல்வது இதனால்தான். உங்கள் அறிக்கையில் இருக்கும் 0.60 இதைத்தான் சொல்கிறது. சி.டி. படத்தில் சுரப்பியின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, 100ஆல் பெருக்கி, அதே குறுக்குவெட்டில் மூளையின் பரப்பளவால் வகுப்பார்கள். சுரப்பி 9 மி.மீ. உயரம், மூளை 1,500 சதுர மி.மீ. என்றால் விகிதம் 0.60. வெறும் உயரத்தைப் பார்த்தால் லாப்ரடாரின் சுரப்பியும் சிஹுவாஹுவாவின் சுரப்பியும் ஒரே தராசில் நிற்காது. மூளையின் அளவோடு ஒப்பிட்டால்தான் நியாயம். 0.31க்கு மேல் போனால் சுரப்பி பெருத்திருக்கிறது என்று கணக்கு. ஜிம்மியுடையது அந்த எல்லையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மறைத்துப் பயனில்லை, அவன் அதிக ஆபத்துள்ள பக்கம்தான் இருக்கிறான்.

அளவு ஒன்றுதானா என்றால் இல்லை. 2007இல் உட்ரெக்ட் குழு வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் குணமாகி மீண்டும் நோய் வந்த நாய்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய சுரப்பி, தடித்த ஸ்பீனாய்டு எலும்பு, அறுவைக்கு முன்பே சிறுநீரில் கார்டிசால் மிக அதிகம், ரத்தத்தில் ஆல்ஃபா-எம்.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோன் அதிகம் ஆகியவை அவற்றில் கூடுதலாகத் தென்பட்டன. இந்த ஹார்மோன் முக்கியமாக நாயின் பிட்யூட்டரியில் நடுவே இருக்கும் பகுதியிலிருந்து வருவது. அது ஏறியிருந்தால், கட்டி அந்த நடுப் பகுதியைச் சேர்ந்ததாகவோ, பெரிதாகி அந்தப் பகுதியையும் ஆட்டிவைப்பதாகவோ இருக்கலாம்.

அடுத்த அடையாளம் அறுவை முடிந்த முதல் சில மணி நேரத்தில் கிடைப்பது. ஏ.சி.டி.எச். ரத்தத்தில் நிமிடக்கணக்கில் அழிந்துபோகும் ஹார்மோன். ஊற்றுக்கண் போய்விட்டால் அது சரசரவென்று இறங்க வேண்டும். பின்னாலேயே கார்டிசாலும் இறங்க வேண்டும். இறங்காமல் இழுத்தடித்தால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இதை உட்ரெக்டிலேயே தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஜிம்மிக்கு அந்த அளவுகள் எடுக்கப்பட்டனவா என்று அடுத்த முறை கேளுங்கள். எடுத்திருந்தால் சொல்வார்கள்.

இனி எண்கள். 2016இல் வந்த பெரிய ஆய்வில், இந்த அறுவை செய்துகொண்ட 306 நாய்கள். நான்கு வாரம் முடிவில் 91 சதவீதம் உயிரோடு இருந்தன. அப்படித் தப்பியவற்றில் 92 சதவீதத்துக்கு நோய் அடங்கியிருந்தது. காலப்போக்கில் 27 சதவீதத்துக்கு மறுபடி வந்தது. வந்தவற்றுக்கு இடைநிலைக் காலம் 555 நாள், அதாவது ஒன்றரை ஆண்டு.

இந்த 555ஐக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டாம் அம்மா. நோய் திரும்பிய நாய்களில் பாதிக்கு அதற்கு முன்னும், பாதிக்கு அதற்குப் பின்னும் வந்தது என்பதுதான் அதன் பொருள். 27 சதவீதமும் சின்னக் கட்டி, பெரிய கட்டி எல்லாம் சேர்த்து எடுத்த சராசரி. ஜிம்மிக்கு அது கூடுதலாக இருக்கும். எவ்வளவு கூடுதல் என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். அதே ஆய்வு ஆறுதலான ஒன்றையும் சொல்கிறது: பெரிய கட்டிகளுக்கான முடிவுகள் ஆண்டுகள் போகப் போக மேம்பட்டிருக்கின்றன. கை பழகப் பழக, கருவிகள் கூடக் கூட, எடுப்பதும் நன்றாகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? சிறுநீர்ப் பரிசோதனையை விடாதீர்கள். சிறுநீரில் கார்டிசாலுக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. காலையில் முதல் சிறுநீரை வீட்டிலேயே பிடியுங்கள், அடுத்தடுத்து இரண்டு நாள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பிடித்தால் அந்தப் பதற்றத்திலேயே கார்டிசால் ஏறி, இல்லாத நோயைக் காட்டும். ஜாக் ரஸ்ஸல் குட்டையான நாய். நீளமான பிடி உள்ள குழம்புக் கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், காலைத் தூக்கும்போது சட்டென்று நீட்டலாம். இன்னொன்று: அவன் சாப்பிடும் கார்டிசோன் மாத்திரையும் உடம்புக்குள் போய்க் கார்டிசாலாகத்தான் மாறும். அதைக் கொடுத்துவிட்டு எடுக்கும் சிறுநீரால் ஒன்றும் தெரியாது. எத்தனை மணி நேரம் முன்பாக நிறுத்த வேண்டும் என்பதை அறுவை செய்த இடத்தில் கேட்டு, அதன்படி மட்டும் செய்யுங்கள். நீங்களாக நிறுத்தினால் வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து என்று போகலாம்.

இப்போது ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை, அப்புறம் அரை ஆண்டுக்கு ஒரு முறை என்பது என் யோசனை. ஒரே பரிசோதனைக் கூடத்தில் செய்யுங்கள், கூடத்துக்குக் கூடம் அளவு மாறும். ஒரு தடவை வந்த எண்ணை விட, அது தடவைக்குத் தடவை மேலே போகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். தண்ணீரும் பசியும் கூடுவதற்கு முன்பே சிறுநீரில் தெரிந்துவிடலாம்.

பிள்ளைகளிடம் "இப்போது இல்லை, வந்தால் முதலில் நமக்குத்தான் தெரியும்" என்று சொல்லுங்கள். அது உண்மை. கரண்டி பிடிக்கும் வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுத்தாலும் நல்லது.

*

கேள்வி: டாக்டர், எங்கள் லட்டுவுக்கு (பூடில், 6 கிலோ) லாஸ் ஏஞ்சலிஸில் பிட்யூட்டரி அறுவை நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு வாரமாக மறுபடி நிறையத் தண்ணீர் குடிக்கிறாள். கட்டி திரும்பிவிட்டதா? ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடலாமா?
(ஒரு வாசகர், சான் ஹோசே, அமெரிக்கா)

பதில்: கிண்ணத்தை எடுக்கவே கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிட்யூட்டரி போன நாய்க்குச் சிறுநீரை அடர்த்தியாக்கும் ஹார்மோனும் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் குடிப்பதை நிறுத்தினால் சிறுநீர் நிற்காது. ரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்பு வரை போகும்.

அடுத்து, "நிறைய" என்பதை அளந்து பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மி.லி.க்கு மேல் போனால் அதிகம் என்று வைத்துக்கொள்கிறோம். லட்டுவுக்கு அது 600 மி.லி. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு வாரம் எழுதி வையுங்கள்.

காரணம் கட்டியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. சிறுநீரை அடர்த்தியாக்கும் அந்த ஹார்மோனுக்கு ஈடாக, அறுவைக்குப் பின் டெஸ்மோபிரெசின் சொட்டு மருந்தைக் கண்ணில் விடச் சொல்லியிருப்பார்கள். பல நாய்களுக்குச் சில வாரம் போதும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் வேண்டும், கொஞ்சத்துக்கு ஆயுள் முழுக்க. அதை எப்போது நிறுத்தினீர்கள்? நிறுத்திய பிறகுதான் தாகம் கூடியது என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். இரண்டாவது, கார்டிசோன் அளவு. ஏதாவது உடம்பு சரியில்லாதபோது இரட்டிப்பாக்கி, பழையபடி குறைக்காமல் விட்டிருந்தால் மாத்திரையே குஷிங்கைப் போலக் காட்டும். மூன்றாவது, சர்க்கரை, சிறுநீரகம், சிறுநீர்ப் பாதைத் தொற்று. சாதாரண ரத்த, சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் இல்லையென்றால்தான் கட்டியை நினைக்க வேண்டும். அதற்கு ஒரு துப்பு சொல்கிறேன். தண்ணீரோடு பசியும் கூடி, மூச்சிரைப்பும் சேர்ந்து, ஒரு வேளை கார்டிசோன் தவறியும் லட்டு ஒன்றும் ஆகாதவள் மாதிரி உற்சாகமாகத் திரிந்தால், உடம்புக்குள் எங்கிருந்தோ கார்டிசால் வருகிறது. வேண்டுமென்றே தவறவிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. தானாக அப்படி நடந்திருந்தால் உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இப்படிச் சொல்ல வேண்டியது எது என்று தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் ஊரில் இந்த அறுவை வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. லாஸ் ஏஞ்சலிஸில் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையின் நரம்பியல் அறுவை நிபுணர் ஆடம் மாமெலாக், கால்நடை அறுவை மருத்துவர் டீனா ஓவனோடு சேர்ந்து, வீடியோ தொலைநோக்கி வைத்து நாய்களுக்கு இதைச் செய்தார். அந்த அனுபவத்தை 2014இல் வெளியிட்டார்கள். மனிதர்களுக்குச் செய்கிறவர் நாய்க்குச் செய்கிறவரோடு ஒரே மேசையில் நிற்பது எவ்வளவு நல்ல காரியம்!

*

கேள்வி: அறுவைக்குப் பின் கட்டி திரும்பாமல் இருக்க மஞ்சள், வேப்பிலை, கீழாநெல்லி ஏதாவது கொடுக்கலாமா?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இவற்றில் எதுவும் பிட்யூட்டரி கட்டி திரும்புவதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பிட்யூட்டரி இல்லாத நாய் மாத்திரைகளின் கணக்கில் ஓடுகிறது. அதில் வயிற்றைக் கலக்கும் எதையும் சேர்த்து, ஒரு வேளை வாந்தி எடுத்துக் கார்டிசோன் வெளியே போனாலே வம்பு. வேண்டாம்.

*

கேள்வி: மேடம், நான் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து, கி-67 போன்ற குறியீடுகளை வைத்து மறுவரவைக் கணிக்க முடியாதா? புற்றுநோய்களில் அப்படித்தானே செய்கிறோம்?
(ஒரு மாணவர், சென்னை)

பதில்: நல்ல கேள்வி தம்பி. நீங்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி என்று நினைக்கிறேன். 1903இல் தொடங்கிய கல்லூரி, நானும் அங்கே படித்தவள்தான். சுற்றுவட்டாரத்தில் இன்னும் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்களா?

பிட்யூட்டரி கட்டிகள் இந்த விஷயத்தில் பிடிகொடுக்காதவை. நோயியல் அறிக்கையில் பெரும்பாலும் "அடினோமா" என்று வரும், அதாவது தீங்கற்ற வகை. எலும்பையோ மூளையையோ அரித்துக்கொண்டு போனாலும் அடினோமாதான், "ஊடுருவும்" என்று ஒரு அடைமொழி சேரும். வேறு இடத்துக்குப் பரவினால்தான் புற்று என்று பெயர். ஆகவே அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிவிட முடியாது. கி-67 உயிரணுக்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைக் காட்டும். நாய்களில் பெருத்த கட்டிகளில் அது கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெருத்த கட்டி என்பது சி.டி. படத்திலேயே தெரிந்துவிட்ட சமாசாரம். அதற்கு மேல் புதிதாக எதையாவது சொன்னால்தான் குறியீட்டுக்கு மதிப்பு. என் கருத்தில், இன்று ஒரு தனி நாயைப் பற்றி முடிவெடுக்க அளவும் ஹார்மோனும்தான் நம்பகமானவை.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் நுண்ணோக்கியில் பார்ப்பது வெளியே எடுத்த துண்டை. நோய் திரும்புவதோ உள்ளே விட்ட துண்டிலிருந்து. எடுத்தது மெதுவாக வளர்வதாக இருந்தாலும், மிச்சம் நிறைய இருந்தால் வரும். வேகமாக வளர்வதாக இருந்தாலும், மிச்சமே இல்லையென்றால் வராது. முதல் சில மணி நேரத்து ஏ.சி.டி.எச். அளவுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான், அது உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுகிறது.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இரண்டைப் பாருங்கள். நோய் அடங்கவே இல்லாத நாயையும், அடங்கிப் பிறகு திரும்பிய நாயையும் பிரித்திருக்கிறார்களா? முதலாவது அறுவையின் போதே மிச்சம் நிறைய இருந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் கலந்தால் கணிப்பு குழம்பும். அப்புறம், இடையில் வேறு காரணத்தால் இறந்த நாய்களை என்ன செய்தார்கள்? ஒன்பது, பத்து வயதில் அறுவைக்கு வரும் பிராணிகள் இவை. இதயத்தாலோ சிறுநீரகத்தாலோ போய்விட்ட நாயை "திரும்பவில்லை" என்று வெற்றிக் கணக்கில் சேர்த்தால் எண் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

இன்னொன்று. ஹார்வி குஷிங் மனிதர்களில் இந்த நோயைப் பிட்யூட்டரி கட்டியோடு சேர்த்து விரிவாக எழுதியது 1932இல். மனிதர்களில் இது ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்று முதல் மூன்று பேருக்குத்தான் வரும். நாய்களில் ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு. மனிதர்களுக்கு அறுவைக்குப் பத்து ஆண்டு கழித்தும் திரும்புவது உண்டு. நாய்க்கு ஆயுளே அவ்வளவுதான், எல்லாம் சுருங்கி நடக்கிறது. மறுவரவைப் புரிந்துகொள்ள விரும்பும் மனித மருத்துவருக்கு நாயைப் போல விஷயம் சொல்லக்கூடிய பிராணி வேறில்லை. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதில் இறங்குங்கள். எனக்கு எழுதுங்கள், என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

*

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்குப் பதினொரு வயது. ஓராண்டாக டிரைலோஸ்டேன் மாத்திரையில் நன்றாக இருக்கிறது. உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு, நெதர்லாந்துக்குக் கூட்டிப்போய் அறுவை செய்துவிடலாமா என்று யோசிக்கிறோம். செலவு பிரச்சினையில்லை.
(ஒரு வாசகர், அண்ணா நகர், சென்னை)

பதில்: உங்கள் அன்பு புரிகிறது ஐயா. ஆனால் போவதற்கு முன் ஒரு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துச் சுரப்பியின் அளவைப் பாருங்கள். டிரைலோஸ்டேன் அட்ரினல் சுரப்பியில் கார்டிசால் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து. தலைக்குள் இருக்கும் கட்டியை அது சுருக்காது. தாகமும் பசியும் அடங்கி நாய் நன்றாகத் தெரியும்போதே கட்டி மெல்ல வளர்ந்துகொண்டிருக்கலாம். அதன் அடையாளங்கள் வேறு: மந்தமாவது, பசி போய்விடுவது, சுவரைப் பார்த்து நிற்பது, வட்டமடிப்பது, கூப்பிட்டால் திரும்பாதது. குஷிங் நாய்க்குத் திடீரென்று பசி போனால் அது நல்ல சகுனம் இல்லை. மருந்து அளவு மிஞ்சிப்போனாலும் பசி போகும். எதுவானாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

சுரப்பி சிறியதாக இருந்தால் அறுவைக்குப் பலன் கூடுதல், நோய் திரும்பும் வாய்ப்புக் குறைவு. ஆனால் பதினொரு வயது, நீண்ட விமானப் பயணம், மயக்க மருந்து, அதன்பின் ஆயுள் முழுக்க மாத்திரை, தாகம் கூடினால் டெஸ்மோபிரெசின், அவசரத்துக்குச் சோடியம் பார்த்துச் சொல்ல நள்ளிரவிலும் திறந்திருக்கும் ஒரு இடம். இவ்வளவும் வேண்டும். மாத்திரையில் நன்றாக இருக்கும் பதினொரு வயது நாய்க்கு, கட்டியும் சிறியது என்றால், நானாக இருந்தால் போகமாட்டேன். கட்டி பெரியது, வயது ஏழு, எட்டு என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

போவதாகவே முடிவு செய்தால், நாளைக்கே டிக்கெட் எடுக்க முடியாது. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாயைக் கொண்டுபோக மைக்ரோசிப் வேண்டும், ரேபிஸ் தடுப்பூசி வேண்டும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி 0.5 அலகுக்குக் குறையாமல் இருப்பதைக் காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் கட்டி சும்மா இருக்குமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

*

கேள்வி: அறுவை முடிந்து இரண்டு வருடம் எங்கள் டாமி ராஜா மாதிரி இருந்தான். போன மாதம் சிறுநீர்ப் பரிசோதனையில் கார்டிசால் ஏறியிருக்கிறது. நோய் திரும்பிவிட்டது என்கிறார்கள். அவ்வளவு செலவும், அவன் பட்ட வலியும் வீண்தானா? இனி என்ன?
(ஒரு வாசகி, லண்டன்)

பதில்: வீண் இல்லை அம்மா. இரண்டு ஆண்டு அவன் தாகமில்லாமல், இரைக்காமல், முடி வளர்ந்து, உங்களோடு நடந்திருக்கிறான். நாயின் வயதுக்கு இரண்டு ஆண்டு பெரிது.

இனி செய்வதற்கு இடம் நிறைய இருக்கிறது. முதலில், ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவுக்கு வந்திருந்தால், வீட்டில் பிடித்த சிறுநீரில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். உறுதியானால், கார்டிசோன் மாத்திரையை மருத்துவர் சொல்லும் படிகளில் குறைத்து நிறுத்துவார்கள், அவனுக்கு இப்போது சொந்தமாகவே கார்டிசால் வருகிறது. தைராக்ஸினை அவர்கள் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அடுத்து மறுபடி ஒரு படம் எடுத்து, மிச்சம் எங்கே, எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

படத்தில் ஒன்றும் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருந்தால் டிரைலோஸ்டேன் போதும், பல நாய்கள் அதில் நன்றாக இருக்கும். பிடித்து எடுக்கக்கூடிய துண்டாகத் தெரிந்தால் இரண்டாவது அறுவையைப் பற்றிப் பேசலாம். முதல் அறுவையின் தழும்பு இருப்பதால் அது கடினம், செய்து பழகியவரிடம் மட்டும்தான் போக வேண்டும். பெரிதாக, மூளையை நெருக்கிக்கொண்டு இருந்தால் கதிர்வீச்சு. கட்டி சுருங்க வாரங்கள், மாதங்கள் ஆகும். ஹார்மோன் உடனே இறங்காது என்பதால் கூடவே டிரைலோஸ்டேனும் தேவைப்படலாம்.

போகும்போது முதல் அறுவைக்கு முன் எடுத்த சி.டி. படம், அறுவைக் குறிப்பு, இதுவரை வந்த எல்லாச் சிறுநீர் எண்களும் தேதியோடு உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பழைய படங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் "அப்போது சுரப்பி எவ்வளவு பெரிதாக இருந்தது?" என்பதாகத்தான் இருக்கும்.